ஈ காக்கா இல்லாத ரோடு

என் அண்ணனுக்கு வண்டி எண்ணுவதுதான் வேலை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "சரிங்க, சம்பளம் வாங்கற வேலை என்ன?" என்று மறுபடி கேட்பார்கள். சம்பளமே அதற்குத்தான். சாலைத் துறையில் அப்படி ஒரு பதவி இருக்கிறது. ரோட்டோரமாக மடக்கு நாற்காலியைப் போட்டு, காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரை உட்கார்ந்து, என்ன வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று எண்ணி, மணிக்கு ஒரு வரி எழுத வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி ஒரு எண்ணும் கருவி கொடுத்திருக்கிறார்கள். கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டினால் 'டிக்' என்று ஒரு எண் ஏறும். அதனால் ஆபீசில் அவனுக்கு டிக்டிக் என்றே பெயர். நானும் அதே ஆபீசில்தான், தபால் பிரிவில். வருகிற காகிதம், போகிற காகிதம் எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். என்னை டிக்டிக் தங்கச்சி என்பார்கள். முதல் ரெண்டு வருஷம் சண்டை போட்டேன், அப்புறம் அலுத்துப் போய் விட்டுவிட்டேன்.

பத்தொன்பது வருஷ சர்வீசில் அவன் ஒரு வண்டியைக் கூட்டி எழுதியதில்லை, குறைத்து எழுதியதில்லை. ஒருதடவை மழைக்கு ஒதுங்கின ஐந்து நிமிஷத்தில் ஒன்றிரண்டு தவறியிருக்கலாம் என்று தன் மேலேயே குறிப்பு எழுதி வைத்த மகானுபாவன் அவன். அப்படிப்பட்டவன் கூசாமல் ஒரு பொய்க் கணக்கு எழுதினான். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். எனக்கு அவன் மேல் இருக்கிற கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை. நடுநடுவே திட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரைச் சுற்றி மலை, மலை முழுக்கக் காடு. அந்தக் காட்டுக்குள் மரக்கிடங்கு ரோடு என்று ஒன்று ஏறுகிறது. மேலே மரம் அறுக்கிற கிடங்கு இருந்த காலத்தில் போட்டது. கிடங்கை மூடி முப்பது வருஷமாகிவிட்டது, ரோடு மட்டும் மிச்சம். பதினோரு கிலோமீட்டர், பதினாலு வளைவு. ரெண்டு பக்க மரமும் மேலே கை கோத்துக்கொண்டதில் உச்சி வெயிலில்கூட ரோட்டில் ஈரம் காயாது. நடுவில் பாசி பிடித்து ஒரு பச்சைப் பட்டை ஓடும். ஈ காக்கா இருக்காது. சைக்கிளில் போனால் செயின் ஓடுகிற சத்தமும் நம் மூச்சும்தான் கேட்கும்.

கல்யாணமான புதிதில் அண்ணனும் அண்ணியும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த ரோட்டில்தான் சைக்கிள் மிதிப்பார்கள். அண்ணி என்னைவிட நாலு மாசம் சின்னவள். முதல் நாளே "என்னை அண்ணின்னு கூப்பிட்டா கன்னத்துல ஒண்ணு விடுவேன்" என்றாள். நான் வேண்டுமென்றே அண்ணி அண்ணி என்று கூப்பிட்டு, அப்படியே நிலைத்துவிட்டது. வாய் ஓயாது அவளுக்கு. எனக்கும் ஓயாது. ரெண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்தால் அடுப்பில் வைத்தது தீய்ந்து, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். அப்படி ஒரு சிநேகிதி எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஏற்றத்தில் அவளால் வேகமாக மிதிக்க முடியாது. அண்ணன் முன்னால் போவான், அவள் பத்தடி பின்னால் பேசிக்கொண்டே வருவாள். வீட்டுக்காரர் தண்ணீர் விடாதது, பஸ்ஸில் பார்த்த பெண்ணின் செருப்பு, என் புருஷனின் குறட்டை, எல்லாம் பேசுவாள். மூச்சு வாங்கினால் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, வளைவு தாண்டினதும் மிச்சத்தைச் சொல்வாள். அண்ணன் திரும்பிப் பார்க்காமல் "ம்" போடுவான். திரும்பினால் சைக்கிள் பள்ளத்தில் இறங்கிவிடும். ஒன்பது வருஷம் இப்படி ஓடியது.

ஆறு வருஷத்துக்கு முன் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். நாலாம் நாள் இல்லை. அதற்கு மேல் அதைப்பற்றி எனக்கு எழுத வராது.

அவள் போன பிறகும் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை நிறுத்தவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா, "பொண்டாட்டி போன துக்கம்கூட இல்லாம சைக்கிள் ஓட்டறான் பாரு" என்றது. எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் இருந்தது. ஒருநாள் முகத்துக்கு நேராகக் கேட்டே விட்டேன்.

"அப்படி என்னதான் இருக்கு அந்த ரோட்டுல?"

சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவன் தலை நிமிராமல் சொன்னான்: "முன்னாடி பார்த்து மிதிச்சிட்டே இருந்தா, அவ பின்னாடி வர்ற மாதிரியே இருக்கு. பேசறது கேக்குது. நின்னா கேக்காது. ஒரு வண்டி வந்துட்டாலும் போச்சு. அப்புறம் அடுத்த ஞாயிறு வரைக்கும் ஒண்ணும் கிடையாது."

நான் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அண்ணன் கீழ்வீடு, நாங்கள் மேல்வீடு. அன்றைக்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை.

போன வருஷம் துறையில் ஒரு புது வேலை ஆரம்பித்தார்கள். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்காக, மலைப் பக்கத்து அமைதியான ரோடுகளை வைத்து ஒரு வரைபடம். ஒரு நாளைக்கு நூறு வண்டிக்குள் போகிற ரோடு என்றால் பச்சைக் கோடு போட்டு அச்சடித்து ஊரெல்லாம் கொடுப்பது. பதினேழு ரோடுகளை எண்ணி வர அண்ணனை அனுப்பினார்கள். ஒவ்வொன்றிலும் மூன்று நாள் உட்கார வேண்டும். பதினாறை முறையாக எண்ணிக் கொடுத்தான். பதினேழாவது மரக்கிடங்கு ரோடு.

பச்சைக் கோடு விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் வரும், அதை ஏற்றிக்கொண்டு கார் வரும். ஐயாவின் ரோடு போச்சு. அவன் என்ன செய்தான்? நாற்காலியும் போடவில்லை, எண்ணவும் இல்லை. மூன்று நாளும் ஆபீஸ் நேரத்தில் அந்த ரோட்டில் சைக்கிள் மிதித்துவிட்டு, சாயங்காலம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கணக்கு எழுதினான். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூற்று நாற்பது வண்டி.

நூற்றைம்பது என்று எழுதியிருந்தாலே பச்சைக் கோடு விழுந்திருக்காது! ஆனால் பொய் சொல்லிப் பழகாதவன் சொன்னால் இப்படித்தான், அளவு தெரியாது. அதிலும் ஒழுங்கு வேறு. காலையில் பால் வண்டி, எட்டரைக்குக் கார்கள் நெரிசல், மத்தியானம் கொஞ்சம் மந்தம், மூன்று மணிக்கு மேல் லாரி வரிசை. பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. பத்தொன்பது வருஷ அனுபவத்தையும் கொட்டி எழுதியிருந்தான். டிக்டிக் எழுதினால் அதில் மறுபேச்சு கிடையாது என்பது ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டார்கள்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. நாலு மாசம் கழித்துத் திட்டப் பிரிவிலிருந்து ஒரு கோப்பு என் மேஜைக்கு வந்தது. எதற்கு எடுத்தேனோ, புரட்டினேன். மூன்றரை மீட்டர் அகலமே உள்ள ரோட்டில் ஆயிரத்துச் சொச்சம் வண்டி, அதில் நூற்றுத் தொண்ணூறு லாரி, எந்த நேரமும் விபத்து நடக்கலாம், உடனே அகலப்படுத்த வேண்டும் என்று இருந்தது. ரோட்டின் பெயரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எண்ணினது யார் என்று அதில் இல்லை, அந்தப் பதினேழில் இந்த ரோடும் உண்டு என்று அண்ணன் வீட்டில் மூச்சு விட்டதும் இல்லை. வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றாமலே சொன்னேன்.

"அண்ணா, உன் ரோட்டை அகலப்படுத்தப் போறாங்களாம். மரத்தையெல்லாம் வெட்டப் போறாங்க. லாரி நிறைய போகுதாம், எந்தக் குருடன் எண்ணினானோ."

அவன் பேயறைந்த மாதிரி நின்றான். தட்டில் போட்ட சாப்பாடு அப்படியே இருந்தது. சரி, ரோடு போகிற வருத்தம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாளில் ஆபீசுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. மரக்கிடங்கு ரோட்டில் ஒரு மரத்தையும் தொடக் கூடாது, அங்கே 17 வகைப் பறவைகளும் 27 வகைப் பூக்களும் இருக்கின்றன, இப்படிக்குக் காட்டின் நண்பன். எழுத்தெல்லாம் கோணல்மாணலாக, இடது கையால் எழுதியது. ஆனால் அந்த ஏழு இருக்கிறதே, அதன் வயிற்றில் குறுக்காக ஒரு சின்னக் கோடு. எங்கள் குடும்பத்தில் ஒரே ஒருத்தன்தான் ஏழாம் எண்ணை அப்படி எழுதுவான். பள்ளிக்கூடத்தில் அதற்காகவே அடி வாங்கியிருக்கிறான்.

சாயங்காலம் கடிதத்தின் நகலை மேஜையில் போட்டேன். "வாங்க, காட்டின் நண்பரே. ரோடு போகுதுன்னா உன் பேர்லயே எழுத வேண்டியதுதானே? எதுக்கு இந்த ஒளிவு மறைவு?"

பேந்தப் பேந்த விழித்தான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது நடு நடுவே "தப்புதான்" என்றான். நான் விட்டேனா? பிடி பிடி என்று பிடித்துவிட்டேன்.

"உனக்குப் புத்தி இருக்கா? நீ எழுதற நம்பரை வெச்சுத்தான் ரோடே போடறாங்கன்னு ஊருக்கே பாடம் எடுப்பியே. ஆயிரத்து இருநூறு வண்டின்னா சும்மா விடுவாங்களா? காப்பாத்தறேன்னு நீயே கழுத்தை அறுத்துட்டியே அண்ணா. நாளைக்கே பெரிய எஞ்சினியர்கிட்ட போய்ச் சொல்லு."

"வேலை போயிடும்."

"போகட்டும்."

"பத்தொன்பது வருஷம்" என்றான். எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கிவிட்டது. அந்த மனுஷனிடம் வேறு என்ன இருந்தது? டிக்டிக் எண்ணினால் சரியாக இருக்கும் என்கிற பெயரும், ஞாயிற்றுக்கிழமையும்தான் இருந்தன. ஒன்றைக் காப்பாற்ற மற்றதைக் கொடுக்க வேண்டும். கொஞ்ச நாள் பார்ப்போம், திட்டம் தானாகவே கிடப்பில் விழுந்துவிடும் என்றான். நானும் பேசாமல் இருந்தேன். இருந்திருக்கக் கூடாது.

திட்டம் கிடப்பில் விழவில்லை. காட்டின் நண்பனுக்கு முகவரி இல்லாததால் பதில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது: வாகன எண்ணிக்கையைக் கருதிக் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஒரு மணி நேரத்திலேயே திரும்பி வந்துவிட்டான். சைக்கிளைச் சுவரில் சாய்க்கக்கூட இல்லை, அது பாட்டுக்குக் கீழே விழுந்து கிடந்தது.

"மரத்துக்கெல்லாம் வெள்ளைப் பெயின்ட் அடிச்சு நம்பர் போட்டிருக்காங்க. முந்நூத்தி நாப்பத்தொண்ணு." எண்ணிக்கொண்டே வந்திருக்கிறான், பாவி. "இன்னிக்கு ஒண்ணுமே கேக்கல. முழுக்க மிதிச்சுப் பார்த்தேன். நம்பர்தான் கண்ணுல பட்டுச்சு, அவ குரல் வரவே இல்ல."

திங்கட்கிழமை காலை நான் சொல்லாமலே நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றான். பெரிய எஞ்சினியரின் அறை வாசலில் கால் நகரவில்லை. நான்தான் கதவைத் தள்ளினேன். தள்ளின வேகத்தில் நானும் உள்ளே போய் நின்றுவிட்டேன், வெளியே வரவும் வழியில்லை.

பெரிய எஞ்சினியர் அம்மா ஓய்வு பெற ஒரு வருஷம்தான் பாக்கி. அதிர்ந்து பேசமாட்டார். அண்ணன் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப நிஜமா எத்தனை வண்டி போகுது?"

"தெரியாது மேடம். நான் எண்ணவே இல்ல."

"உங்களுக்கே தெரியாதா?"

"அந்த ரோட்டுல என்னால உட்கார முடியாது மேடம். ஓட்டத்தான் முடியும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஏன் அங்கே நிற்கிறேன் என்று கேட்கப் போகிறார் என நினைத்து, கேட்பதற்கு முன்னாலேயே அண்ணியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவள் பின்னால் பேசிக்கொண்டே வருவது, இவன் ஞாயிறு தவறாமல் போவது, எல்லாவற்றையும். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். காது மடல் சிவந்துவிட்டது. அவனுக்கு நான் அதைச் சொன்னது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது, ஆறு வருஷமாக.

பெரிய எஞ்சினியர் அம்மா கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "பொய்க் கணக்கு எழுதினது நீங்க. நிஜக் கணக்கையும் நீங்களே எழுதுங்க. ஏழு நாள், ஆறிலேருந்து ஆறு வரைக்கும். பக்கத்துல ஒரு ஜூனியர் எஞ்சினியர் உட்கார்ந்து தானும் எண்ணுவாங்க. ரெண்டு கணக்கும் ஒத்துப் போகணும். ஒரு நாளைக்கு நூறுக்குக் கீழ வந்தா அகலப்படுத்தறதை நிறுத்திடலாம். ஆனா பச்சைக் கோடு விழும், அதுல மாத்தமில்ல. அது முடிஞ்சதும் கருவியை ஒப்படைச்சிட்டு நீங்க ரெக்கார்டு ரூமுக்குப் போங்க. இனிமே வெளிவேலை உங்களுக்குக் கிடையாது."

"சரி மேடம்."

"பச்சைக் கோடு விழுந்தா ஆள் வருவாங்க. தெரியுமில்ல?"

"வரட்டும் மேடம். மரம் இருந்தா போதும்."

வேலை போகவில்லையே என்று எனக்கு உயிர் வந்தது. ஆனால் ரெக்கார்டு ரூம் என்றதும் அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். ஜன்னல்கூட இல்லாத அறை அது. அங்கே உட்கார்ந்து அவன் எதை எண்ணுவான்?

ஏழாவது வளைவில் நாற்காலி போடச் சொன்னார்கள். ரெண்டு பக்கமும் தூரத்துக்குத் தெரிகிற ஒரே இடம் அதுதான். ஜூனியர் எஞ்சினியர் புதிதாகச் சேர்ந்த பெண். முதல் நாள் ஒரு கதைப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், அண்ணன் பார்த்த பார்வையில் பைக்குள்ளேயே வைத்துவிட்டாளாம். தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்ன ஆச்சு என்று கேட்டால் எண்ணை மட்டும் சொல்வான். முப்பத்தொன்று, இருபத்தாறு, இருபத்தெட்டு. நூறுக்கு எங்கேயோ கீழே. நான் சந்தோஷத்தில் குதிக்காத குறை. அவனோ நாளுக்கு நாள் வாடிக்கொண்டே போனான். ரோடு தப்பித்துவிட்டது, இனி என்ன கேடு என்று திட்டக்கூடச் செய்தேன்.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் நானே போனேன். சொன்னால் வெட்கக்கேடு, அவ்வளவு வருஷத்தில் அந்த ரோட்டில் ஏறுவது எனக்கு அதுதான் முதல் தடவை. அண்ணி எத்தனையோ முறை கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கணும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றே சொல்லிச் சொல்லி ஒன்பது வருஷத்தை ஓட்டியிருக்கிறேன். வெள்ளைப் பெயின்ட் அடித்த மரங்களைத் தாண்டித் தாண்டி ஏறினேன். ஏழாவது வளைவில் என்னைப் பார்த்ததும் அண்ணன் கட்டைவிரலைத் தட்டினான். டிக்.

"என்னையுமா?"

"ரெண்டு சக்கர மோட்டார் வண்டி, மேல்பக்கம், ஒண்ணு" என்று எழுதினான். ஜூனியர் எஞ்சினியரும் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.

டப்பாவைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று திரும்பியவள் என்னவோ கிளம்பவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டேன். ஒரு கார் போனது. ரொம்ப நேரம் கழித்து ஒரு ஆள் விறகு கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். மற்றபடி இலை விழுகிற சத்தம்தான். மூன்று பேரும் பேசவில்லை. நான் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தது என் வாழ்க்கையிலேயே அதுதான் முதல்முறை.

ஆறு மணிக்கு ரெண்டு பேரும் கணக்கை ஒப்பிட்டார்கள். ஒரு எண்கூடப் பிசகவில்லை. ஏழு நாளும் சேர்த்தே இருநூற்று ஒன்று. ஜூனியர் எஞ்சினியர் கையெழுத்துப் போட்டு, காகிதத்தையும் அண்ணன் கையிலிருந்த கருவியையும் வாங்கிக்கொண்டு ஜீப்பில் இறங்கிப் போனாள். அண்ணன் நாற்காலியை மடக்காமல் அதிலேயே உட்கார்ந்திருந்தான். கட்டைவிரல் மட்டும் சும்மா அசைந்துகொண்டிருந்தது.

"உன் ரோடு தப்பிச்சிடுச்சு, எழுந்திரு" என்றேன்.

"ம்."

"இப்பவும் என்ன மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு? இனிமே ஞாயித்துக்கிழமை கொஞ்சம் சீக்கிரமா கிளம்பு. கூட்டம் வர்றதுக்கு முன்னாடி ஒரு சுத்து வந்துடலாம்."

அவன் தலையை ஆட்டினான். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே நிதானமாகச் சொன்னான்: "மிதிக்கறப்ப திரும்பிப் பார்க்க முடியாது. அதனால தெரியல. இங்க ஏழு நாள் ரெண்டு பக்கமும் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வழியா வந்தது எல்லாத்தையும் எண்ணினேன், ஒண்ணையும் விடல. அவ வரல."

அவனை நான் திட்டியிருக்க வேண்டும். செத்துப் போனவள் வருவாளா, பைத்தியக்காரா, எழுந்து வா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்ல முடியவில்லை. மத்தியானத்திலிருந்து நானும் அந்த வளைவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.